நாற்காலியின் இடது முன்கால்

அந்த நாற்காலியில் வேண்டாம் தம்பி, இந்த ஸ்டூலில் உட்காருங்கள். அது தேக்கு, கை வைத்தது, நல்ல நாற்காலிதான். உங்களுக்குக் கொடுக்க எனக்கென்ன வருத்தம்? திங்கட்கிழமை அதற்கு ஒரு வேலை இருக்கிறது. அதற்காகத் துடைத்து வைத்திருக்கிறேன்.

நீங்கள்தானே மகள் சொன்ன பிசியோதெரபி? கோயம்புத்தூரில் இருந்துகொண்டு தினமும் போனில் உயிரை எடுக்கிறாள். 'அப்பா, அம்மா காலை யாராவது பாக்கட்டும், அம்மா காலை யாராவது பாக்கட்டும்.' நான் பார்க்கவில்லையா? ஏழு வருஷமாக அந்தக் காலைத் தவிர வேறு எதைப் பார்த்தேன்?

அவசரமில்லை. மேலே போகலாம். போவதற்கு முன் உங்களுக்கு விஷயம் தெரிய வேண்டும். தெரியாமல் போய் நீங்கள் பாட்டுக்குக் காலை நீட்டு, மடக்கு என்று ஆரம்பித்துவிட்டால் அவள் உங்களையும் ஏமாற்றிவிடுவாள். தையல்நாயகியை நீங்கள் சாதாரணமாக நினைக்காதீர்கள். ஒரு கமிஷனரையே ஏமாற்றியவள். போலீஸ் கமிஷனர் இல்லை தம்பி. கோர்ட்டில் நியமித்து அனுப்புவார்களே, வீட்டை நேரில் பார்த்து அறிக்கை எழுத ஒரு வக்கீலை, அவரை. இந்தத் திங்கட்கிழமை மறுபடியும் வருகிறார்.

நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்தக் கூடம், அதோ அந்த உள்ளறை, பின்னால் அடுப்படி, இதில்தான் இன்னாசி இருந்தான். இன்னாசிமுத்து. பொன்மலை ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். அவன் பெண்டாட்டி அடைக்கலமேரி. பிள்ளை இல்லை. என் அப்பா காலத்தில் வந்தவர்கள். முப்பத்தாறு வருஷம்! முப்பத்தாறு வருஷம் ஒருத்தன் உங்கள் வீட்டில் இருந்தால் அது யார் வீடு, சொல்லுங்கள்.

கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். நான் நியாயமாகப் பேசுகிறவன். மாதம் பிறந்து ஐந்தாம் தேதி வாடகை வந்துவிடும். என் மோட்டார் ரிப்பேர் ஆனால் அவன்தான் ஸ்பேனரைத் தூக்கிக்கொண்டு மேலே வருவான். என்னை ஐயா என்பான். தையலைத் தாயி என்பான். அவளைவிடப் பதினைந்து வயசு மூத்தவன், ஆனாலும் தாயிதான். எல்லாம் சரி. ஒரே ஒரு தப்புச் செய்தான். என்னிடம் ரசீது கேட்டான்.

சிரிக்காதீர்கள். என் கடையில், பெரியகடைவீதியில் பாத்திரக் கடை வைத்திருந்தேன், அங்கே ஒரு டம்ளர் வாங்கினாலும் ரசீது கொடுப்பேன். அது வியாபாரம். இது வீடு. என் கடையில் நாலு பேர் நிற்கும்போது வந்து, பணத்தை மேஜைமேல் வைத்துவிட்டுச் சொல்கிறான்: "ஐயா, ஒரு ரசீது குடுத்துடுங்க. சட்டப்படி குடுக்கணுமாம். சங்கத்துல சொன்னாங்க." என்ன சங்கம்? வாடகைக்காரர் சங்கம்! ரிடையர் ஆனபிறகு பொழுது போகாமல் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறான். கடையில் நின்ற துணிக்கடைக்காரர் சிரித்துக்கொண்டே, "என்ன வைத்திலிங்கம், உங்க குடித்தனக்காரர் விவரமாயிட்டாரு போல" என்றார். அன்றைக்கு முடிவு செய்தேன். இவன் என் வீட்டில் இருக்கக்கூடாது.

ஆனால் விரட்ட முடியுமா? அதுதான் சட்டம் தம்பி. உங்களுக்குச் சின்ன வயசு, தெரியாது. வீட்டுக்காரன் தன் குடித்தனக்காரனைப் போ என்று சொல்ல முடியாது. காரணம் வேண்டும். வாடகை வேண்டுமென்றே பாக்கி வைத்தானா? உள்வாடகை விட்டானா? இடித்தானா, உடைத்தானா? ஒன்றும் இல்லை.

சரி, நான் வாடகையை வாங்க மறுத்தேன். வாங்கவில்லை என்றால் பாக்கிதானே? மணியார்டர் அனுப்பினான். திருப்பி அனுப்பினேன். எந்த பாங்கில் கட்டட்டும் என்று நோட்டீஸ் விட்டான். பதில் போடவில்லை. கோர்ட்டில் கொண்டுபோய்க் கட்டிவிட்டான். எல்லாம் அந்தச் சங்கம் சொல்லிக்கொடுத்தது. தண்ணீர்க் குழாயை மூடினேன். அடைக்கலமேரி மூன்று நாள் தெருக் குழாயில் பிடித்தாள். நாலாம் நாள் உத்தரவோடு வந்தான். குழாயைத் திறக்கணுமாம், என் செலவில். அதில் பாருங்கள், திறக்கும்போது என் ஆள் வால்வை உடைத்துவிட்டான். அதையும் இன்னாசிதான் சரி பண்ணினான். "விடுங்கய்யா, புது வாசர் போட்டாப் போதும்" என்று. எனக்கு எப்படி இருந்திருக்கும், யோசியுங்கள்.

அப்போதுதான் வக்கீல் நடேசமூர்த்தி ஒரு வழி சொன்னார். பெரிய மூளை. "உங்க சொந்த உபயோகத்துக்குன்னு கேளுங்க. மாடி பத்தலை, கீழ்ப் பகுதியும் வேணும்னு." நாங்கள் இரண்டு பேர், மேலே மூன்று அறை, எப்படிப் பத்தாது? அவர் கேட்டார்: "வீட்ல அம்மாவுக்கு மூட்டுவலி உண்டா?"

உண்டு. எந்தப் பொம்பளைக்கு இல்லை?

"படி எத்தனை?"

இருபத்தொன்று. பதினொன்றாம் படியில் திருப்பம்.

"அப்போ அந்த அம்மாவால ஏறி இறங்க முடியலை," என்றார். "கீழ இருந்தே ஆகணும். ஆனா ஒண்ணு. ஜட்ஜ் ரெண்டு பக்கக் கஷ்டத்தையும் நிறுத்துப் பார்ப்பார். காலி பண்ணினா அவனுக்கு எவ்வளவு கஷ்டம், பண்ணலைன்னா உங்களுக்கு எவ்வளவு கஷ்டம்னு. உங்க தட்டு தாழணும். அதனால, மனு போட்ட நாள்லேருந்து அம்மா படியில கால் வைக்கக்கூடாது."

படி எங்கே இருக்கிறது பார்த்தீர்கள் அல்லவா? அடுப்படி ஜன்னலை ஒட்டி. யார் ஏறினாலும் இறங்கினாலும் அடைக்கலமேரி கண்ணில் படாமல் முடியாது. சாட்சி வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறது.

தையலிடம் சொன்னேன். கோபிக்கவில்லை. கேட்டாள்: "எவ்வளவு நாளைக்கு?"

"ஆறு மாசம். மிஞ்சிப் போனா ஒரு வருஷம்."

"கீரை ஆயப் போகணும்னா?"

அதுதான் அவள் கவலை. மத்தியானமானால் இறங்கிப்போய் மூன்றாம் படியில் உட்கார்ந்துகொள்வாள். ஜன்னலுக்கு அந்தப் பக்கம் அடைக்கலமேரி. இரண்டு பேரும் ஒரே முறத்தில் முருங்கைக் கீரை ஆய்வார்கள், நாள் முழுக்கப் பேசுவார்கள். என்ன பேசுவார்கள் என்று முப்பது வருஷமாக எனக்குத் தெரியாது. கீரையை மேலேயே கொண்டுவந்து தருகிறேன், ஆய்ந்துகொள் என்றேன்.

வீட்டுக்குள்ளே நடக்கலாம் என்றும் சொன்னேன். செருப்பில்லாமல், குதிகாலை ஊன்றாமல், மெதுவாக. பழைய கட்டடம் பாருங்கள், மேலே நடந்தால் கீழே கேட்கும். நான் ஒன்றும் கொடுமைக்காரன் இல்லை. நடக்கக்கூடாது என்று நான் சொல்லவே இல்லை. கேட்கக்கூடாது என்றுதான் சொன்னேன்.

கொஞ்ச நாள் கழித்துப் பார்த்தால், மாடிக் கைப்பிடிச் சுவரிலிருந்து ஒரு கயிறு தொங்குகிறது. நுனியில் தூக்குவாளி. கீழே இருந்து அடைக்கலமேரி அதில் ஆய்ந்த கீரையைப் போட்டு அனுப்புகிறாள். கிறிஸ்மஸ் அன்றைக்கு ஒரு துண்டு கேக்கு, ஒரு முழம் கதம்பம். வழக்கு நடக்கிறது தம்பி! வாதியும் பிரதிவாதியும் வாளியில் கேக்கு அனுப்பிக்கொண்டால் ஜட்ஜ் என்ன நினைப்பார்? கயிற்றை அறுத்தேன். வாளி கீழே விழுந்த சத்தம் கேட்டு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் 'ஐயோ' என்றார்கள். மேலே ஒன்று, கீழே ஒன்று.

இரண்டாம் வருஷம் ஒரு சிக்கல் வந்தது. லால்குடியில் தையலின் அம்மா இறந்துபோனாள். விடியற்காலை போன் வருகிறது. தையல் புடவையைச் சுற்றிக்கொண்டு வாசலுக்கு ஓடினாள். ஓடினாள் தம்பி, அந்தக் காலால்! இரண்டு படி இறங்கியும்விட்டாள். நான் கையைப் பிடித்தேன். கீழே அடைக்கலமேரி அடுப்படியில் விளக்கு எரிகிறது.

"விடுங்க. எங்கம்மா."

"நீ நடந்து இறங்கினா ரெண்டு வருஷம் மண்ணாப் போகும்."

"எங்கம்மா செத்துட்டாங்க."

"போக வேணாம்னா சொல்றேன்? போகலாம். நான் கூட்டிட்டுப் போறேன்."

இந்த நாற்காலி அப்போது மேலே இருந்தது. இதில் உட்காரவைத்தேன். காந்தி மார்க்கெட்டிலிருந்து மூட்டை தூக்குகிறவர்கள் நாலு பேர் வரச் சொன்னேன். மூன்று பேர்தான் வந்தார்கள். ஒரு காலை நானே பிடித்தேன். எனக்குக் குடலிறக்கம் உண்டு, இருந்தாலும் பிடித்தேன். இறங்குகிறோம். பதினொன்றாம் படித் திருப்பத்தில் நாற்காலி சிக்கிக்கொண்டது. நான் பிடித்த பக்கம் தாழ்கிறது. தையல் சரிகிறாள். அவள் நினைத்திருந்தால் ஒரு காலை ஊன்றி நின்றிருக்கலாம். நிற்கவில்லை. அவ்வளவு கட்டுப்பாடு.

அந்த நேரம் கீழே கதவு திறக்கிறது. இன்னாசி. பனியனோடு ஓடி வருகிறான். "ஐயா, நீங்க விடுங்க, விடுங்க. தாயி சாஞ்சிருவாங்க." என்னைத் தள்ளிவிட்டு இடது முன்காலைப் பிடித்துக்கொண்டான். அப்போதே அவனுக்கு அறுபத்தெட்டு, அறுபத்தொன்பது இருக்கும். பட்டறை உடம்பு. திருப்பத்தில் கனம் முழுக்க அந்தக் காலுக்குத்தான் வரும். தோளில் தாங்கி, பின்னோக்கி ஒவ்வொரு படியாக இறங்கினான். படிக்குப் படி, "பாத்து, தாயி. பாத்து, தாயி" என்றான். யார் மேல் வழக்குப் போட்டிருக்கிறோமோ அவன்! தையல் அவன் முகத்தை ஒரு தரம் பார்த்தாள். கண்ணை இறுக மூடிக்கொண்டாள். தரை வருகிற வரைக்கும் திறக்கவே இல்லை. கீழே அடைக்கலமேரி முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துத் தண்ணீர் கொடுத்தாள். இவள் வாயைத் திறக்காமல் உடம்பு குலுங்க அழுதாள். தாய் செத்த துக்கம், இருக்காதா?

லால்குடியிலும் நாற்காலிதான். அங்கே மட்டும் இறக்கிவிட்டால் நாளைக்கு எவனாவது வந்து சாட்சி சொல்லமாட்டானா? வாய்க்கரிசி போடும்போது நாற்காலியோடு தூக்கித் தலைமாட்டில் வைத்தோம். குனிய எட்டவில்லை. அரிசி கொஞ்சம் மார்மேல் விழுந்தது. மற்றபடி குறையில்லாமல் நடந்தது.

திரும்பி வந்தபிறகுதான் அவள் நடிப்பில் ஒரு தேர்ச்சி வந்தது. அதை நான் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். வீட்டுக்குள்கூட நடப்பதை விட்டுவிட்டாள். உட்கார்ந்தே நகருவாள். அடுப்புக்கு நகருவாள், குளியலறைக்கு நகருவாள். நான் கதவையெல்லாம் சாத்திவிட்டு, "இங்க யாரும் இல்லை, நடவேன்" என்றால், "கேக்கும்" என்பாள். ஒரே வார்த்தை. 'கேக்கும்.' கமிஷனர் வந்த அன்று, நான் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை, தானாக நகர்ந்துவந்து அவர் முன்னால் உட்கார்ந்தாள். அவர் கைக்குட்டையை எடுத்துக்கொண்டார். அறிக்கையில் 'பரிதாபமான நிலை' என்று எழுதினார். எனக்கு உள்ளுக்குள் பெருமையாகத்தான் இருந்தது.

சாட்சி விசாரணை நாலாம் வருஷம். அவர்கள் பக்க வக்கீல் சின்னப் பெண். கெட்டிக்காரி. அடைக்கலமேரியைக் கூண்டில் ஏற்றிக் கேட்டாள்: "மாடியில் நடக்கிற சத்தம் உங்கள் வீட்டில் கேட்குமா?" எனக்குத் திக்கென்றது. முதல் வருஷம் கேட்டிருக்குமே! அவள் சொன்னாள்: "முன்னெல்லாம் கேக்கும்மா. ராத்திரியில மெத்துமெத்துனு கேக்கும். இப்ப ரெண்டு வருஷமா கேக்குறதேயில்ல." சொல்லிவிட்டு அழுதாள். தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள். அந்த வக்கீல் பெண் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

அடுத்தது இன்னாசி. நடேசமூர்த்தி எழுந்து இரண்டே கேள்வி கேட்டார். "லால்குடி துக்கத்துக்குப் போன அன்று, அந்த அம்மாவை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்களே, அதில் ஒரு காலைப் பிடித்தது யார்?"

"நான்தாங்க."

"நடக்க முடிந்த ஒருவரை ஏன் தூக்கினீர்கள்?"

இன்னாசி கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தான். அவன் வக்கீல் எழுந்து ஏதோ ஆட்சேபித்தாள். அவன் காதில் வாங்கவில்லை. "முடியலைன்னுதாங்க தூக்கினேன்" என்றான்.

முடிந்தது! அந்த ஒரு வரியைத்தான் தீர்ப்பில் எடுத்துப் போட்டார்கள். எதிர் மனுதாரரே ஒப்புக்கொண்டிருக்கிறார் என்று. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உதவிக்குப் போனேன், அவ்வளவுதான் என்று சொல்லியிருக்கலாம். அடைக்கலமேரிக்கும் முட்டி வீக்கம் உண்டு தம்பி, அவர்களும் டாக்டர் சீட்டுக் கொடுத்தார்கள். ஆனால் அவளை யாரும் நாற்காலியில் தூக்கவில்லையே. தராசில் எங்கள் முட்டிதான் கனத்தது. அவன் அப்பீல் போனான், அதற்கு மேலும் போனான். எல்லா இடத்திலும் அந்த நாற்காலி அவனுக்கு முன்னால் போய் நின்றது.

போன ஆவணியில் காலி செய்தார்கள். நிலுவை இல்லை, கரண்ட் பில் கட்டி, சுவரில் ஆணி அடித்த ஓட்டையைக்கூடச் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டுப் போனான். அடைக்கலமேரி சாவியை என்னிடம் கொடுக்கவில்லை. சுவரைப் பிடித்து இருபத்தொரு படியும் ஏறி, தையல் மடியில் வைத்துவிட்டு, பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். கால்மணி நேரம் இருக்கும். ஒரு வார்த்தை பேச்சில்லை. நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அவர்களுக்கு அரியமங்கலம் பக்கம் ஒரு இடம்தான் கிடைத்ததாம், மூன்றாம் மாடி. லிஃப்ட் கிடையாது. எனக்கென்ன தெரியும், அவரவர் வசதிக்குத் தகுந்தமாதிரி.

இனிமேல்தான் தம்பி, சட்டத்தின் கொடுமையைக் கேளுங்கள். ஜெயித்தாகிவிட்டது, வீடு என்னுடையது, அப்படித்தானே? இல்லையாம். சொந்த உபயோகம் என்று வாங்கினால் ஒரு மாதத்துக்குள் குடியேறணுமாம். குடியேறி ஆறு மாதம் இருக்கணுமாம். இல்லையென்றால் காலி செய்தவன் மனுப்போட்டு அதே வீட்டுக்குத் திரும்பி வரலாமாம்! இதை எழுதினவனுக்குச் சொந்த வீடு இருந்திருக்காது.

நான் இறங்கி வந்துவிட்டேன். அதோ என் கட்டில். டிவி. இந்தப் பக்கம் தையலின் கட்டில், புது மெத்தை, தலையணை. காலண்டர்கூட மாட்டியாகிவிட்டது. செல்போன் கடைக்காரர் ஒருத்தர் கீழ்ப் பகுதியைக் கேட்டு அட்வான்ஸும் கொடுத்துவிட்டார். ஆறு மாதம் பொறுங்கள் என்றிருக்கிறேன். அப்புறம் தையலை மறுபடி மேலே ஏற்றிவிடலாம். எல்லாம் சரி. ஆனால் எவள் முட்டிக்காக வழக்குப் போட்டோமோ, அவள் இறங்க மாட்டேன் என்கிறாள்.

"கேஸ் முடிஞ்சிருச்சு தையல், நடக்கலாம். குதிச்சுக்கூட நடக்கலாம்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். தூக்கலாம் என்று ஆள் கூட்டிவந்தேன். நிலைப்படியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அலறினாள். தெருவே எட்டிப் பார்த்தது. ஐந்து மாதம் ஓடிப்போய்விட்டது. ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்: "இன்னாசியண்ணன் வந்து தூக்கட்டும். வர்றேன்."

இன்னாசிக்கு எங்கே போவேன்? அவன் கார்த்திகையில் செத்துப்போனான். மூன்று மாடி ஏறினான், மூன்றாம் மாடியில் உட்கார்ந்தான், எழவில்லை. எழுபத்து நாலு வயசு, போகிற வயசுதானே. சாகுமுன் மனுவைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறான். 'எந்தத் தேவைக்காக வாங்கினார்களோ அந்தத் தேவை பொய், அந்த அம்மா இன்னும் மாடியில்தான் இருக்கிறார்.' இப்போது அடைக்கலமேரி அதை நடத்துகிறாள். அதற்குத்தான் திங்கட்கிழமை கமிஷனர். தையல் அவர் கண்ணில் கீழே பட்டாக வேண்டும். மேலே பட்டால், அந்தப் பொம்பளை தன் அடுப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து உட்கார்ந்துகொள்வாள்.

இல்லை, தையலுக்குத் தெரியாது. இன்னாசி போனதை நான் சொல்லவில்லை. அவளுக்கு எதற்கு அந்த வருத்தமெல்லாம்?

ஆக, விஷயம் இதுதான். காலில் ஒன்றும் இல்லை. பிடிவாதம். நடித்து நடித்து, நிறுத்த மனசில்லை. நீங்கள் டாக்டர் தோரணையில் ஒரு அதட்டல் போட்டு எழுப்பிவிடுங்கள். இருபத்தொரு படி. அவ்வளவுதான் கேட்கிறேன். போய்ப் பாருங்கள். நான் வரவில்லை. என்னைப் பார்த்தால் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

*

என்ன தம்பி, அதற்குள் வந்துவிட்டீர்கள்? உட்காருங்கள். ஸ்டூல், ஸ்டூல்.

என்ன? மெதுவாகச் சொல்லுங்கள்.

தசையே இல்லையா? அதெப்படி இல்லாமல் போகும்? முட்டி மடங்கினபடியே இறுகிவிட்டது... சரி. நீட்ட வரவில்லை... சரி. ஐந்தாறு வருஷம் ஊன்றாத கால் என்கிறீர்கள். ஆபரேஷன் செய்தாலும் நிற்பது சந்தேகம். நிச்சயமாகத்தான் சொல்கிறீர்களா? நடிப்பு இல்லை? நன்றாக அழுத்திப் பார்த்தீர்களா?

இருங்கள். ஒரு நிமிஷம் இருங்கள். எனக்கு ஒரு வாய் தண்ணீர் வேண்டும்.

அப்படியென்றால், தம்பி, நான் கோர்ட்டில் சொன்னது பொய் இல்லை!

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? யோசித்துப் பாருங்கள். ஏழு வருஷமாக நான் உறுத்தலோடு இருக்கிறேன். கூண்டில் நின்று சத்தியம் செய்தவன் நான். கோயிலுக்குப் போனால் சாமியை நேராகப் பார்க்க முடியவில்லை. என் மனைவியால் நடக்க முடியாது என்று சொன்னேன். அவளால் நடக்க முடியாது! நீங்களே சொல்கிறீர்கள்! இதை ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயர் போட்ட தாள் இருக்கும் இல்லையா? 'நீண்ட காலமாக' என்று போடுங்கள். எத்தனை வருஷம் என்று போட வேண்டாம்.

மாட்டீர்களா? சரி, சரி. கோபித்துக்கொள்ளாதீர்கள். நடேசமூர்த்தி வேறு யாரையாவது பிடிப்பார்.

பேசினாளா? உங்களிடம் பேசினாளா! என்னிடம் பேசி மாதக்கணக்காகிறது. என்ன கேட்டாள்? 'கீழ அடுப்படி ஜன்னல் தொறந்திருக்கா' என்றா? நீங்கள் என்ன சொன்னீர்கள்? பார்க்கவில்லை என்றா? நல்லது. அதைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டேன், செல்போன் கடைக்காரர் ரேக் அடிக்கணும் என்றார். அவளிடம் அதெல்லாம் சொல்லாதீர்கள்.

பையை எடுக்காதீர்கள் தம்பி, இன்னும் முடியவில்லை. நடக்கமாட்டாள் என்று ஆகிவிட்டது, சரி. அப்போது தூக்கித்தான் ஆகணும். திங்கட்கிழமை காலை எட்டரைக்கு வந்துவிடுங்கள். கமிஷனர் பத்துக்குத்தான் வருவார். மார்க்கெட்டிலிருந்து மூன்று பேர் சொல்லியிருக்கிறேன். நாலாவது ஆள் நீங்கள்.

இதோ, வந்து பாருங்கள். இதுதான் இடது முன்கால். தொட்டுப் பாருங்கள், தேக்கு, வழுக்காது. இங்கே பிடித்துத் தோளில் தாங்கணும். திருப்பத்தில் கொஞ்சம் அழுத்தும், அவ்வளவுதான். அவளிடம் இன்னாசி வந்திருக்கிறான் என்று சொல்லிவிடுகிறேன். நிலைப்படியை விட்டுவிடுவாள். பனியனோடு வந்தால் நல்லது. நீங்களும் கிட்டத்தட்ட அவன் உயரம்தான். நாற்காலியைத் தூக்கினதும் அவள் கண்ணை மூடிக்கொள்வாள், எனக்குத் தெரியும். தரை வருகிற வரைக்கும் திறக்க மாட்டாள்.

வேறு எதுவும் பேச வேண்டாம். படிக்குப் படி, மெதுவாக, "பாத்து, தாயி" என்று மட்டும் சொல்லுங்கள். எங்கே, ஒரு தடவை சொல்லுங்கள், கேட்கிறேன்.